கல் எங்கே, மூடாக்கு எங்கே: கிணத்துக்கடவு வீட்டுத் தோட்டத்தைத் திருத்திய அனுபவம்

களை எடுக்க ஆள் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "பேசாம கல்லைக் கொட்டி விட்டுடுங்க." எங்கள் கிணத்துக்கடவு வீட்டுக்கு வந்துபோன கொத்தனார், பெயிண்டர், சொந்தபந்தம் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். கல் கொட்டினேன். ஆனால் மண் தரையில் ஆறில் ஒரு பங்குக்குத்தான் கொட்டினேன். மீதிப் பெரும்பகுதிக்கு மூடாக்கு, அதாவது மண்ணை மூடிப் பரப்பும் தென்னை ஓலையும் தேங்காய் உரிமட்டையும் வேப்பஞ்சருகும்தான். ஏன் அப்படிப் பிரித்தேன், எதை எப்படிப் போட்டேன், பொள்ளாச்சிப் பக்கத்து ஆடிக்காற்றில் அது எப்படித் தாக்குப்பிடித்தது என்பதை எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

வீடு 8 சென்ட் மனை. கட்டடமும் சிமென்ட் தளமும் போக ஏறத்தாழ 1,400 சதுர அடி மண். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. நான் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் வந்து போகிறேன். ஐப்பசி மழை முடிந்தால் முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியமும் கோரையும் நிற்கும். அம்மா குனிந்து பிடுங்கப் போய், இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார். அதனால் எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: நான் வரும்போது காலையில் ஒரு மணி நேர வேலையோடு தோட்டம் ஓட வேண்டும். அம்மா பூப்பறிக்க மட்டும் தோட்டத்துக்குள் போக வேண்டும், களை பிடுங்க அல்ல.

முதலில் கடைக்குப் போகவில்லை. ஒரு நோட்டில் மனையை வரைந்து, எந்த இடத்தில் என்ன விழுகிறது என்று குறித்தேன். கிழக்கே ஒரு பெரிய வேம்பு. பின்னால் இரண்டு தென்னை. வடக்குச் சுவரோரம் கூரைத் தண்ணீர் விழும் இடம். வாசலில் அம்மா சாணி தெளித்துக் கோலம் போடும் மண் தரை. எது மழையில் ஊறுகிறது, எங்கே மேற்கு வெயில் சுவரில் அடிக்கிறது, யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதும் அதில் ஏறியது.

அந்த நோட்டுதான் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. இலை விழும் இடத்தில் கல் போடக் கூடாது என்பது அதைப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. வேம்பு மாசி, பங்குனியில் மொத்தமாக இலை உதிர்க்கும். சித்திரையில் பூ, அப்புறம் பழம், அதற்கப்புறம் கொட்டை. வேப்பிலை சின்னச் சின்னதாகப் பிரிந்து கல்லுக்கு இடையில் இறங்கிவிடும். சீமாறு போட்டால் இலையோடு கல்லும் வரும். கையால் பொறுக்க முடியாது. விட்டால் அங்கேயே மக்கி மண்ணாகி, அந்த மண்ணில் வேப்பங்கொட்டை விழுந்து முளைக்கும். ஒரு வருஷத்தில் கல் தரை முழுக்க வேப்பங்கன்றாக நிற்கும், அதைக் கல்லுக்குள் கைவிட்டுப் பிடுங்குவது மண்ணில் பிடுங்குவதைவிடக் கஷ்டம்.

தென்னை இன்னும் மோசம். ஒரு மரம் வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து மட்டை தள்ளும். அதுபோக, 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ இன்னும் எங்கள் பக்கத்தை விட்டுப் போகவில்லை. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, பிசுபிசுவென்று ஒரு தேன்நீரைக் கீழே சொட்ட விடும். அந்த ஈரத்தின் மேல் கரும்பூஞ்சணம் படரும். தென்னைக்குக் கீழே வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்திருக்கிறேன். கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி அத்தனை கல்லும் கறுத்துக் கிடந்தது. மூடாக்கு என்றால் கறுத்தால் என்ன, அதுவும் சேர்ந்து மக்கிவிடும்.

ஆக, ஒன்றும் விழாத, செடி வைக்காத, நடக்கிற, தண்ணீர் தெறிக்கிற இடத்துக்குக் கல். மரத்தடிக்கும் செடிப் பாத்திக்கும் மூடாக்கு. வாசல் மண் தரையை அப்படியே விட்டுவிட்டேன். அது அம்மாவின் இடம். தினமும் பெருக்கிச் சாணி தெளிக்கிற தரையில் களை வராது, அங்கே எனக்கு வேலையே இல்லை.

கோரையோடு நடந்த சண்டை

எதை மேலே போடுவது என்பதற்கு முன்னால், கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் மண்ணில் கோரை நிறைய. மேலே பார்த்தால் நாலு புல் மாதிரி தெரியும். ஒன்றைக் கொத்தால் தோண்டிப் பார்த்தேன். புல்லுக்கு அடியில் சின்னக் கிழங்கு, அதிலிருந்து கம்பி மாதிரி கறுத்த வேர், அதன் நுனியில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று. மணி கோத்தது போல ஓடிக்கொண்டே இருந்தது. மேலே இழுத்தால் புல் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கிழங்கு அத்தனையும் தனித்தனியாக முளைக்கும்.

கோரையின் முளை ஊசி மாதிரி கூரானது. ஓலை மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வரும், மெல்லிய பிளாஸ்டிக் தாளையே துளைக்கும். அதனால் "மூடிவிட்டால் செத்துவிடும்" என்ற கணக்கு பார்த்தீனியத்துக்கும் மற்ற விதைக் களைகளுக்கும்தான் பொருந்தும், கோரைக்கு இல்லை.

நான் செய்தது: கோடை மழை பெய்து மண் இளகியதும், ஆள் விட்டு ஒரு அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டச் சொன்னேன். கட்டிகளை உடைத்துக் கிழங்கைப் பொறுக்கி வாளியில் போட்டோம். வாளியைக் குப்பைக்குழியில் கொட்டவில்லை, சிமென்ட் தளத்தில் பரப்பிச் சித்திரை வெயிலில் சுக்காகக் காயவிட்டோம். அப்புறம் தரையை லேசாக நனைத்து விட்டு, மிச்சம் இருப்பது முளைக்கட்டும் என்று காத்திருந்தேன். முளைத்ததை மூன்று வாரத்துக்குள் மறுபடி கொத்தோடு எடுக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் அடியில் புதுக் கிழங்கு வைக்க ஆரம்பித்துவிடும், உழைப்பு வீண். முளை வர வரக் கிழங்கு தன்னிடம் இருப்பதைச் செலவழித்துச் செலவழித்து ஓய்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் மூடாக்குப் பக்கம் போனேன். இன்னமும் அங்கங்கே ஒன்றிரண்டு கோரை எட்டிப் பார்க்கிறது. ஆனால் மூடாக்கின் கீழ் மண் பொலபொலவென்று இருப்பதால் இப்போது கிழங்கோடு சேர்ந்து கையோடு வருகிறது. அந்த வித்தியாசம் பெரிது.

பார்த்தீனியம் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. பூப்பதற்கு முன்னால் கையுறை போட்டு வேரோடு எடுத்தால் முடிந்தது. பூத்துவிட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். 1950-களில் வெளிநாட்டுக் கோதுமையோடு வந்ததாகச் சொல்லப்படும் இந்தச் செடி, இன்று நாட்டில் இல்லாத ஊர் இல்லை. தோல் அரிப்பு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பூத்த செடியை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாக்கில் சேர்க்காதீர்கள்.

சுவரோரக் கல்

வீட்டின் மூன்று பக்கமும் சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்குக் கல் பட்டை. நீளம் மொத்தம் 90 அடி, ஆக 180 சதுர அடி. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இன்னொரு 60. மொத்தம் 240 சதுர அடிக்கு 3 அங்குலக் கனம் என்றால் 60 கன அடி கல். ஜல்லியை யூனிட் கணக்கில் விற்பார்கள், ஒரு யூனிட் 100 கன அடி. 3 அங்குலத்துக்கு ஒரு யூனிட் 400 சதுர அடியை மூடும், 2 அங்குலத்துக்கு 600. இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போனால் வண்டிக்காரர் சொல்லும் அளவை நம்ப வேண்டிய தேவை இல்லை. 2 அங்குலம் போதும் என்று சிலர் சொல்வார்கள். காலடியில் கல் விலகி விலகி மண் தெரியும், வெயில் படும் இடத்தில் விதை முளைக்கும். 3 அங்குலம்தான் சரி.

ஆற்றுக் கூழாங்கல் வாங்கவில்லை. ஆற்றின் அடியிலிருந்து மணலையும் கல்லையும் அள்ளி அள்ளி நம் ஆறுகளை என்ன நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். என் சுவரோரம் அழகாக இருக்க அதில் இன்னொரு கூடை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரைச் சுற்றியே கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. அங்கிருந்து முக்கால் இஞ்ச் ஜல்லி எடுத்தேன். சாம்பல் நிறம், வெள்ளைக் கல் போலக் கண்ணைப் பறிக்காது. அழுக்கும் தெரியாது, மதிய வெயிலைத் திருப்பிச் சுவரில் அடிப்பதும் குறைவு.

ஜல்லியை வந்தபடியே கொட்டக் கூடாது. கிரஷர் தூள் ஒட்டியிருக்கும். முதல் மழைக்கு அந்தத் தூள் கீழே இறங்கிப் படிந்து, விதை முளைக்கத் தோதான மண் மாதிரி ஆகிவிடும். சல்லடையில் சலித்து, சிமென்ட் தளத்தில் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகுதான் பரப்பினோம். கழுவும்போது பால் மாதிரி சாம்பல் தண்ணீர் ஓடியதைப் பார்த்தால், கழுவாமல் போடும் எண்ணமே யாருக்கும் வராது.

கல்லுக்குக் கீழே 4 அங்குலம் மண்ணை எடுத்து, சுவரிலிருந்து வெளிப்பக்கம் லேசான சரிவு கொடுத்தோம். அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி. கல் மண்ணுக்குள் புதைந்து போகாமல் அதுதான் தாங்குகிறது. இதற்குப் பதிலாகப் பலரும் பழைய பிளெக்ஸ் பேனரை விரிக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் உண்டு. பிளெக்ஸில் தண்ணீர் இறங்காது. மழை பெய்தால் கல்லுக்கு அடியில் தேங்கிச் சுவரோரமே ஓடும், கொசுவும் வரும். துணி என்றால் தண்ணீர் விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும். ஒரு துண்டில் சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தே வாங்குங்கள்.

கூரைக் குழாய்த் தண்ணீரைச் சுவரோரக் கல்லில் விடாமல், மழைநீர்க் குழிக்குத் தனியாகக் குழாய் போட்டுவிட்டேன். 2003-ல் அரசு எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா வெட்டிய குழி அது, தூர்ந்து கிடந்தது. வண்டல் எடுத்து, அடியில் ஒன்றரை இஞ்ச் ஜல்லியும் மேலே முக்கால் ஜல்லியும் போட்டதில் மறுபடி தண்ணீர் குடிக்கிறது.

ஜல்லி கூர்மையாக இருக்கும், வெறுங்காலோடு நடக்க முடியாது. அம்மா செருப்பே போடமாட்டார். அதனால் நடக்கும் வழியில் மட்டும் கடப்பாக் கல் துண்டுகளை அம்மாவின் அடி அளவுக்கு இடைவெளி விட்டுப் பதித்தோம். என் அடி அளவுக்குப் பதித்தால் அவர் ஒவ்வொரு கல்லுக்கும் தாவ வேண்டியிருக்கும். அவரையே நடக்கச் சொல்லிச் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டோம்.

மூடாக்கு

கல்லுக்குக் காசு கொடுத்தேன், மூடாக்குக்கு அவ்வளவாக இல்லை. பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை கொடுப்பதை யாரும் முழுக்க எடுத்து முடிக்க முடியாது. மட்டை, பாளை, பன்னாடை, உரிமட்டை எல்லாம் தோப்பு ஓரத்தில் குவிந்து கிடக்கும், சிலர் தீ வைத்துவிடுவார்கள். பக்கத்துத் தோப்புக்கார அண்ணன் டிராக்டரில் மாட்டும் ஓலை அரைக்கும் இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார். அவருடைய வேலை முடிந்ததும் எங்களுக்கு ஒரு டிராக்டர் டிரெய்லர் அளவு அரைத்துக் கொடுத்தார். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

மஞ்சி மில்லில், அதாவது தேங்காய் நார் பிரிக்கும் மில்லில், கிடைக்கும் நார்த்தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலும் நிறைய பேர் மூடாக்குப் போடுகிறார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும், உண்மைதான். ஆனால் மில்லில் இருந்து வந்த பச்சைத் தூளில் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் உப்பும் இருக்கும், இளஞ்செடி அதைத் தாங்காது. மழையில் நன்றாகக் கழுவி மட்கிய பழைய தூள்தான் வேண்டும். அதோடு, தூள் மட்டும் மேலே இருந்தால் காய்ந்து ஏடு கட்டிவிடும், காற்றில் பறக்கும். அதனால் பழைய தூளை அடியில் ஒரு அங்குலம் மட்டும் போட்டேன். அதன்மேல் அரைத்த ஓலை 3 அங்குலம். வேம்படியில் எதுவும் கொண்டுவந்து போடவில்லை. மரமே போட்டுக்கொள்கிறது. கல் தரையிலும் தளத்திலும் விழும் இலையைப் பெருக்கி அங்கே தள்ளுவது மட்டும்தான் வேலை.

பின்னால் தென்னையடிக்கு முழு உரிமட்டை. இதற்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு எளிது: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில், அதாவது ஏறக்குறைய 6 அடிக்கு, நூறு உரிமட்டை, குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி. நாங்கள் அடுக்கிக்கொண்டிருந்தபோது வேலைக்கு வந்த பையன் வேகத்தில் கிண்ணம் போல மல்லாத்தி வைத்துக்கொண்டே போனான். தோப்புக்கார அண்ணன் பார்த்துவிட்டு, "கவுத்து வைங்க தம்பி, மல்லாத்தி வெச்சீங்கன்னா ஒவ்வொண்ணுலயும் மழைத்தண்ணி நிக்கும், டெங்கு கொசுவுக்கு நாமளே தொட்டி கட்டிக் குடுத்த மாதிரி" என்றார். மண்ணுக்குள் புதைக்கும்போதுதான் மல்லாத்தி வைப்பார்கள், ஈரம் தேக்க. மேலே பரப்பினால் கவிழ்த்துத்தான்.

ஈரமான மண்ணின் மேல்தான் மூடாக்குப் போட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தே இருக்கும். 4 அங்குல மூடாக்கு ஒரு சின்னத் தூறலை முழுசாகத் தானே குடித்துவிடும், மண்ணுக்கு ஒரு சொட்டு இறங்காது. அதனால் சொட்டுநீர்க் குழாயை முதலில் மண்ணில் கிடத்தி, ஒரு இரவு நன்றாக ஓடவிட்டு, காலையில் அதற்கு மேல் மூடினோம். குழாய் வெயிலில் காயாததால் அதன் ஆயுளும் கூடும். ஆனால் எங்கே ஓடுகிறது என்று நோட்டில் வரைந்து வையுங்கள், பிற்பாடு மண்வெட்டி போடும்போது தேவைப்படும்.

செடித் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டே மூடாக்கு. ஒட்டிப் போட்டால் தண்டு எப்போதும் ஈரத்தில் இருந்து அழுகும். ஓலைத்தூளை மண்ணோடு கிளறவும் கூடாது. கிளறினால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை. பாதுகாப்புக்கு மாதம் ஒரு முறை சாணிக் கரைசல் தெளிக்கிறோம். வாசலுக்குக் கரைக்கும்போது அம்மா கொஞ்சம் கூடுதலாகக் கரைத்துவிடுவார்.

அம்மாவின் கேள்வி

ஓலையைப் பரப்பி முடித்த அன்று சாயங்காலம் அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏங்கண்ணு, வீட்டச் சுத்தியும் குப்பையப் பரப்பி வெச்சிருக்கியே. பூச்சி பொட்டு வந்து படுத்துச்சுன்னா ஆரு பாக்கறது?"

பூச்சி பொட்டு என்றால் பாம்பும் பூரானும் தேளும். காலமெல்லாம் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்த தரை அது. ஒரு சருகு கிடந்தாலும் தாங்காத கண்ணுக்கு நான் டிரெய்லர் கணக்கில் சருகைக் கொட்டியிருக்கிறேன். இந்தக் கேள்வியை "அதெல்லாம் ஒன்றும் வராது" என்று தள்ளுவது சரியில்லை. கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. கவிழ்த்த உரிமட்டைக்கு அடியில் பொந்து மாதிரி இடம் இருக்கிறது, தேள் தங்கும்.

சுவரோரக் கல் பட்டைக்கு இதுதான் முக்கியமான காரணம். மூடாக்கு எங்கேயும் வீட்டுச் சுவரைத் தொடவில்லை. 2 அடி வெறும் கல், மேலே எதுவும் ஒளிய முடியாது. கரையானும் ஓலையிலிருந்து நேராகச் சுவர் ஏற முடியாது, மண்கூடு கட்டினால் சாம்பல் கல்லில் செம்மண் கோடு பளிச்சென்று தெரியும். எங்கள் மண்ணில் கரையான் உண்டு. மூடாக்கைத் தின்னத்தான் வரும். தின்று மண்ணாக்கட்டும், வீட்டுப் பக்கம் வராமல் பார்ப்பதுதான் நம் வேலை. இதே காரணத்துக்காகவே பலர் பரிந்துரைக்கும் அட்டைப்பெட்டி விரிப்பை நான் போடவில்லை. எங்கள் ஊரில் அது கரையானுக்கு வைக்கும் சாப்பாடு.

முழு உரிமட்டை தென்னையடியில் மட்டும், வீட்டிலிருந்து தள்ளி. அம்மா நடமாடும் பாத்திகளில் அரைத்த ஓலை மட்டும், அதுவும் குவியல் இல்லாமல் தட்டையாக. கூடுதலாக வந்த ஓலையைக் காம்பவுண்டு மூலையில் அம்பாரமாகக் குவித்து வைக்கவில்லை, அண்ணன் தோப்புக்கே திருப்பி அனுப்பினோம். குவியல் இருந்தால் எலி வரும், எலியைத் தேடித்தான் பாம்பு வரும். அது மட்டுமல்ல, மக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அப்புறம் தென்னங்குருத்துக்குக் கேடு. பூச்செடிகளை எல்லாம் கடப்பாக் கல் வழியிலிருந்து கை எட்டும் தூரத்தில் வைத்தோம். அம்மா மூடாக்கில் கால் வைக்கத் தேவையே இல்லை. நான் களை எடுக்கும்போது முதலில் ஒரு கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைப்பேன், பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன்.

இதையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பிறகு அம்மா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: ராத்திரி வெளிச்சத்துக்குப் பின்பக்கம் ஒரு விளக்கு. நியாயமான நிபந்தனை. மறுநாளே போட்டுவிட்டோம்.

செடிகள் விஷயத்தில் பெரிதாக ஆராய்ச்சி செய்யவில்லை. ஊரில் கவனிப்பாரற்ற இடத்திலும் எவை பூத்துக் குலுங்குகின்றனவோ அவைதான்: நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி, ஆவாரை, கறிவேப்பிலை, ஓரத்தில் கற்றாழை. இட்லிப்பூ அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது, அந்தத் தண்ணீருக்கு இட்லிப்பூ இலை மஞ்சளித்துக்கொண்டே இருக்கும், விட்டுவிட்டோம். அரளியின் எல்லாப் பாகமும் விஷம் என்பதால் பேரக் குழந்தைகள் விளையாடும் பக்கம் வைக்காமல் தெருப்பக்கம் வைத்தோம்.

காற்று

கிணத்துக்கடவு பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது, தென்மேற்குக் காற்று மொத்தமும் அந்த வழியாகத்தான் எங்கள் மேல் வந்து விழும். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை ஓயாது. இங்கே கடலைத்தொலியும் உமியும் மூடாக்காக நிற்கவே நிற்காது, பக்கத்து வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

அரைத்த ஓலை நிற்குமா என்பதுதான் எனக்கு இருந்த பயம். அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அடியில் இருக்கும் பகுதி நகரவில்லை. மேல் ஒரு அங்குலம்தான் மேற்கு ஓரத்தில் சுருண்டு கிழக்கே போய் ஒதுங்கியது. அதற்கு மூன்று வேலை செய்தோம். பரப்பிய உடனே நன்றாக நனைத்து, பலகை போட்டு மிதித்து அமுக்கினோம். பாத்தி ஓரத்தில் செங்கல்லைக் குத்துக்கல்லாகப் பதித்தோம், மூடாக்கைவிட இரண்டு அங்குலம் உயரமாக. மேற்கு ஓரத்தில் வெட்டிவேர் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் நொச்சிக் குச்சி ஒரு வரிசை. நொச்சி வளர்ந்து காற்றைத் தடுக்க இரண்டு வருஷமாவது வேண்டும், அதுவரைக்கும் அந்த ஓரத்தில் மட்டும் நாலைந்து முழு மட்டையைக் குறுக்கே கிடத்தியிருக்கிறோம். பார்க்க அழகில்லை, ஆனால் ஆடி முழுக்க அசையாமல் பிடித்தது.

ஆடியில் இன்னொன்றும் தெரிந்தது. காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் மாதம் அது. மழை இருக்காது, மேகம் மட்டும் ஓடும். முன்பெல்லாம் அந்த மாதத்தில் நாளுக்கொரு தண்ணீர் கொடுத்தாலும் நந்தியாவட்டை வாடி நிற்கும். இப்போது மூடாக்கை விலக்கி விரலை உள்ளே விட்டால் இரண்டாவது கணு வரை ஈரம் ஒட்டுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை சொட்டுநீர் போதுமாக இருக்கிறது. அதே நேரத்தில் இரண்டடி தள்ளிச் சுவரோரக் கல்லில் கை வைத்தால் சுடுகிறது. செடியடியில் கல்லைக் கொட்டியிருந்தால் வேருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பராமரிப்பே இல்லாத தோட்டம் என்று ஒன்று கிடையாது, வேலை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கல் பட்டையில் பறந்து வந்த விதை முளைக்கிறது. துணிக்கு மேலே படியும் தூசியில் வேர்விடுவதால் இரண்டு விரலால் எடுத்துவிடலாம். வருஷத்துக்கு ஒரு முறை கல்லை ஒரு இரும்பு வாரியால் கிளறிவிட்டால் தூசி தங்காது. 4 அங்குல மூடாக்கு ஒரு மழைக்காலம் கழிந்தால் பாதியாக அமிழ்ந்துவிடுகிறது, அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாக 2 அங்குலம் சேர்க்க வேண்டும். உரிமட்டையை இன்னும் தொடவில்லை, இன்னும் ஒன்றிரண்டு வருஷம் தாங்கும் போல இருக்கிறது. சொட்டுநீர்க் குழாயில் சுண்ணாம்பு அடைக்கிறது. வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவுகிறேன், குழாயின் கடைசி மூடியைத் திறந்து தண்ணீரை வேகமாக ஓடவிட்டு அடைக்கிறேன்.

மீதம் இருப்பது காம்பவுண்டுக்கு வெளியே தெருவோரப் பட்டை. அங்கே நிற்கும் பார்த்தீனியம்தான் இப்போது உள்ளே விதை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பொது இடம் என்பதால் கல்லோ துணியோ போடவில்லை. ஆவாரையும் துளசியும் நெருக்கமாக நடலாம் என்று பக்கத்து வீட்டாரோடு பேசியிருக்கிறோம். புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும், பூப்பதற்கு முன் பார்த்தீனியத்தைப் பிடுங்கிவிட்டு நட வேண்டும். தோப்புக்கார அண்ணனிடம் அரை டிரெய்லர் ஓலைக்கும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.